தொல் கெச்சுவாவை எங்கிருந்து கட்டுவது?

ஆண்டிஸ் மலைகளில், கொலம்பியாவின் தெற்கு முனையிலிருந்து அர்ஜென்டினாவின் சாந்தியாகோ தெல் எஸ்தேரோ வரை, விட்டுவிட்டுப் பரவிக் கிடக்கிறது கெச்சுவா. பெயர் ஒருமையில் இருந்தாலும் அது ஒரு மொழிக் குடும்பம். எக்வடோர் மலைக்காரர் பேசுவது பெருவின் அங்காஷ் மலைக்காரருக்கு விளங்காது. பேசுபவர்கள் ஏறக்குறைய 70 முதல் 80 லட்சம் என்பது வழக்கமான மதிப்பீடு. இத்தனைக்கும் தாயாக இருந்த மொழி எழுத்தில் எங்கும் பதிவாகவில்லை. இன்கா அரசு கணக்கை முடிச்சுக் கயிறுகளில் வைத்திருந்ததே தவிர, பேச்சை எழுதி வைக்கவில்லை. ஆகவே தொல் கெச்சுவாவை இன்றைய பிள்ளைகளைப் பார்த்துத்தான் மீட்டுருவாக்கம் செய்ய வேண்டும்.

இந்த வேலையில் இறங்குகிறவர் தொடக்கத்திலேயே ஒரு முடிவை எடுத்தாக வேண்டும்: எதை அடித்தளமாக வைப்பது? குஸ்கோ வழக்கையா, நடுப் பெருவின் வழக்குகளையா, 16, 17ஆம் நூற்றாண்டு ஏடுகளையா, பக்கத்து மொழியான அய்மாராவையும் சேர்த்துக்கொள்வதா, சொற்பட்டியலைக் கணினியில் ஏற்றுவதா? எதிலிருந்து தொடங்குகிறோமோ அதன் சாயல் தாய்மொழியின் மேல் படிந்துவிடும் என்பதால் இது சின்ன விஷயமில்லை. என் விடையை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நடுப் பெருவிலிருந்து தொடங்குங்கள், ஏடுகளை இரண்டாம் சாட்சியாகக் கூப்பிடுங்கள், மற்றவற்றைக் காக்க வையுங்கள். ஏன் என்பதுதான் மீதிக் கட்டுரை.

படிக்குமுன் ஒரு குறிப்பு. கீழே வரும் கெச்சுவாச் சொற்களில் சகரத்தை ‘அச்சு’ என்பதில் வரும் சகரமாகப் படியுங்கள். நாவை மடித்து எழுப்பும் சகரம் ஒன்றும் இந்தக் குடும்பத்தில் உண்டு. அதை ‘ட்ர’ என்று குறிக்கிறேன். அடித்தொண்டையில், உள்நாக்கை ஒட்டி ஒலிக்கும் ககரத்துக்கு நம் எழுத்தில் இடமில்லை, வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

குஸ்கோ ஏன் இழுக்கிறது

எல்லோரும் முதலில் போய் நிற்பது குஸ்கோவில்தான். இன்கா தலைநகர். பாடப்புத்தகம், அகராதி, பயிற்சி வகுப்பு எல்லாம் அந்த வழக்குக்கே அதிகம். அங்கே உள்ள கெச்சுவா அகாதமி தன் வழக்கைத்தான் தூய வழக்கு என்று வெகுகாலமாகச் சாதித்து வருகிறது. கெச்சுவாவுக்கு ஐந்து உயிர் என்று அது பிடிக்கும் பிடிவாதமும் பெயர் பெற்றது. மொழியியல் நோக்கில் உயிர்கள் மூன்றுதான்: அ, இ, உ. உள்நாக்கொலியின் அருகில் வரும்போது இ-யும் உ-வும் எ, ஒ போலக் கேட்கும், அவ்வளவே.

இன்காக்கள்தான் கெச்சுவாவைக் குஸ்கோவிலிருந்து பரப்பினார்கள் என்ற எண்ணம் 1960கள் வரை பரவலாக இருந்தது. அதை உடைத்தவர்கள் இருவர். 1963இல் அமெரிக்கரான கேரி பார்க்கர், 1964இல் பெருக்காரரான ஆல்ஃபிரெடோ தொரேரோ. தனித்தனியாக வேலை செய்து ஒரே முடிவுக்கு வந்தார்கள்: குடும்பம் இரண்டு பெரிய கிளைகளாகப் பிரிகிறது. அங்காஷ், வானுக்கோ, ஹுனின் அடங்கிய நடுப் பெரு ஒரு கிளை. வடக்கே கஹமார்க்கா, எக்வடோர், தெற்கே அயகுச்சோ, குஸ்கோ, பொலிவியா எல்லாம் மற்றது. தொரேரோ இவற்றை முதலாம், இரண்டாம் கெச்சுவா என்றார். பார்க்கர் அதே கிளைகளுக்கு எதிர் வரிசையில் பெயரிட்டு, நடுக் கிளையை இரண்டாவதாக வைத்தார். பழைய கட்டுரைகளைப் படிக்கிறவர்களைத் தலைசுற்ற வைக்கும் விஷயம் இது. வேறுபாடுகள் நெருக்கமாகக் குவிந்திருப்பது நடுப் பெருவில். குஸ்கோவிலிருந்து பொலிவியா வரை நீண்ட தூரம் போனாலும் மாற்றம் குறைவு. இன்கா விரிவாக்கம் 15ஆம் நூற்றாண்டில் நடந்தது. நடுப் பெருவில் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு காணும் இவ்வளவு பிளவு உண்டாக அந்தக் காலம் போதவே போதாது.

ஒரு சொற்சோடியை எடுத்துப் பார்ப்போம். ‘கால்’ என்பதும் ‘உலர்ந்த’ என்பதும்.

அயகுச்சோவில் இரண்டும் சக்கி. வேறுபாடே இல்லை. குஸ்கோவில் ‘கால்’ சக்கி. ‘உலர்ந்த’ என்பதிலும் அதே ஒலிகள்தான், ஆனால் சகரத்தைக் குரல்வளையை மூடி உந்தி எழுப்புவார்கள். அங்காஷில் ‘கால்’ சக்கி, ‘உலர்ந்த’ த்ஸக்கி. ஹுனின் பகுதியின் வாங்கா வழக்கில் ‘கால்’ ட்ரக்கி, ‘உலர்ந்த’ சக்கி.

குஸ்கோவிலிருந்து தொடங்குகிறவர் என்ன நினைப்பார்? தாய்மொழியில் உந்தொலிச் சகரம் ஒன்று இருந்தது, அது அங்காஷில் த்ஸ ஆகிவிட்டது என்று நினைப்பார். பார்க்க அழகான விளக்கம். ஆனால் அடுத்த சொல்லிலேயே கவிழ்ந்துவிடும். மிளகாய்க்குக் குஸ்கோவில் உச்சு, உந்தல் ஏதுமில்லாத சாதாரணச் சகரம். அங்காஷில் அது உத்ஸு. ஏரிக்குக் குஸ்கோவில் கோச்சா, அதிலும் சாதாரணச் சகரம்தான், ஆனால் அங்காஷிலும் அது கோச்சாவாகவே நிற்கிறது. குஸ்கோவின் ஒரே சகரத்துக்கு அங்காஷில் இரண்டு விடைகள். எது எங்கே வரும் என்று குஸ்கோவை மட்டும் பார்த்து யாராலும் ஊகிக்க முடியாது. எனவே பிரிவு பழையது, குஸ்கோவில் அது கலந்துவிட்டது. தாய்மொழியில் இரண்டு சகரங்கள்: ஒன்று சாதாரணம், மற்றது நாமடி. வாங்கா அதை அப்படியே வைத்திருக்கிறது, கஹமார்க்காவும் நாமடி ஒலியைக் காத்திருக்கிறது. அங்காஷ் இரண்டையும் ஒரு படி நகர்த்திவிட்டு, இடைவெளியை மட்டும் காப்பாற்றியது.

குஸ்கோ மாற்றியவை இன்னும் உண்டு. ‘மூன்று’ பல வழக்குகளில் கிம்ஸா, குஸ்கோவில் கின்ஸா. ‘நீ’ அங்காஷில் மகரத்தில் முடியும், குஸ்கோவில் னகரத்தில். கேட்பவரையும் உள்ளடக்கிய ‘நாம்’ என்பதன் விகுதி அயகுச்சோவில் -ன்சிக், குஸ்கோவில் -ன்சிஸ். தலைநகரம் என்பதால் ஒரு வழக்கு பழமை காத்துவிடாது. தமிழருக்கு இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை: திராவிடத்தில் எழுத்துச் சான்று நம்முடையதுதான் மூத்தது, ஆனால் நம் ‘செவி’யைவிடக் கன்னடத்தின் ‘கிவி’யில் இருக்கும் ககரமே தொன்மையானது.

நடுப் பெருவிலும் தூய்மை கிடையாது

அதற்காக நடு வழக்குகளைப் பீடத்தில் ஏற்றிவிடவும் கூடாது. நாமடிச் சகரத்தைக் காத்த அதே வாங்கா, உள்நாக்குக் ககரத்தைத் தொலைத்துவிட்டது. அங்கே ‘நீ’ என்பது வெறும் அம். குஸ்கோ அந்தக் ககரத்தைச் சொல்லின் முதலில் திடமாக வைத்திருக்கிறது. அங்காஷ் ஞகரத்தை னகரமாக்கிவிட்டது. ‘கண்’ குஸ்கோவில் ஞவி, அங்காஷில் நவி. ‘வீடு’ பெரும்பாலான இடங்களில் வஸி, அங்காஷில் வயி, நடுவிலிருந்த ஸகரம் தேய்ந்து மறைந்தது. நடுக் கிளையில் குறில்-நெடில் பொருள் வேறுபடுத்தும். அந்த நெடில்கள் பெரும்பாலும் பிறகு தேய்வினால் வந்தவை, தாய்மொழியின் சொத்தில் சேர்க்க முடியாதவை.

நடுப் பெருவைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள லாபம் வேறு: அங்கே ஒன்றோடொன்று ஒத்துப்போகாத சாட்சிகள் அருகருகே நிற்கின்றன. ஒருவர் மறந்ததை மற்றவர் சொல்வார். குஸ்கோ, அயகுச்சோ, பொலிவியா மூன்றையும் கூப்பிட்டால் பல கேள்விகளுக்கு மூவரும் ஒரே பதிலைத்தான் தருவார்கள்.

இதற்கு வேண்டிய சரக்கும் கையில் இருக்கிறது. பெருவில் ஹுவான் வெலாஸ்கோவின் இராணுவ அரசு 1975இல் கெச்சுவாவை ஆட்சிமொழியாக அறிவித்தது. அதைத் தொடர்ந்து 1976இல் கல்வி அமைச்சின் முயற்சியில் ஆறு வழக்குகளுக்கு ஆறு இலக்கணம், ஆறு அகராதி வெளிவந்தன: அங்காஷ், அயகுச்சோ, கஹமார்க்கா, குஸ்கோ, ஹுனின்-வாங்கா, சான் மார்த்தின். அரசியலாக அந்த ஆணை பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை என்பார்கள். ஒப்பீடு செய்கிறவனுக்கு அதைவிடப் பெரிய கொடை வேறில்லை. ஒரே காலம், ஒரே நோக்கம், கிட்டத்தட்ட ஒரே அமைப்பு. பன்னிரண்டு நூல்களை மேசையில் விரித்தால் ஒலிப்பொருத்தங்கள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும். ஹுனின்-வாங்கா தொகுதியைச் செய்த ரோடோல்ஃபோ செரோன்-பலோமினோவுக்கு அது தாய்வழக்கு. பிற்காலத்தில் இந்தத் துறையின் பெரியவராகவும் ஆனார். இவையெல்லாம் ஸ்பானிய மொழியில் உள்ளன. ஸ்பானியம் படிக்கத் தெரியாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். ஆங்கிலத்தில் கிடைப்பது பாதி கூட இல்லை.

ஏடுகள்: காது கேட்டதும் கேளாததும்

நம் ஆட்களுக்கு ஏடு என்றால் தனி மரியாதை. கெச்சுவாவின் முதல் இலக்கணமும் அகராதியும் 1560இல் ஸ்பெயினின் வல்லதோலித் நகரில் அச்சாயின. எழுதியவர் டொமிங்கோ தெ சாந்தோ தோமாஸ் என்ற டொமினிக்கப் பாதிரியார். 1584இல் லிமாவில் அச்சான ஞானோபதேச நூல் தென் அமெரிக்காவின் முதல் அச்சு நூல். 1607, 1608இல் குஸ்கோ வழக்குக்கு தியேகோ கொன்சாலெஸ் ஒல்கின் என்ற இயேசு சபைப் பாதிரியார் இலக்கணமும் பெரிய சொற்களஞ்சியமும் தந்தார். அதே காலத்தில் வரோச்சிரி மலைப்பகுதியின் தெய்வக் கதைகள் கெச்சுவாவிலேயே எழுதப்பட்டன. நானூறு ஆண்டு முன்னால் போக முடிகிறதே, பிறகு ஏன் இதைவிட்டு இன்றைய பேச்சைப் பிடித்துத் தொங்க வேண்டும்?

ஏடு தரும் உதவி எப்படிப்பட்டது என்பதற்கு ஸகரத்தின் கதையைப் பார்க்கலாம். இன்றைய குஸ்கோவில் மக்காச்சோளம் ஸாரா, வாய் ஸிமி, பெயர் ஸுத்தி. எல்லாம் ஒரே ஸகரம். கொன்சாலெஸ் ஒல்கினோ மக்காச்சோளத்தை வாலுள்ள ஸ்பானிய சி எழுத்தால் எழுதினார், வாயையும் பெயரையும் எஸ் எழுத்தால். அந்தக் காலத்து ஸ்பானியத்தில் அவை இரண்டும் வேறு வேறு ஒலிகள். முன்னது நாக்கு பல்லைத் தொட்டு வருவது, பின்னது நுனி நாக்கை மேலே தூக்கி எழுப்புவது. எனவே பாதிரியாரின் காது இரண்டையும் பிரித்துக் கேட்டது. இப்போது நடுப் பெருவுக்குப் போனால் வாய் ஷிமி, பெயர் ஷுத்தி. மக்காச்சோளத்தில் மட்டும் ஷகரம் கிடையாது. ஏட்டில் எஸ் வருமிடமும் நடு வழக்குகளில் ஷகரம் வருமிடமும் பொருந்துகின்றன. பாதிரியார் நடுப் பெருப் பேச்சை வைத்து எழுதவில்லை, நடுப் பெருக்காரர்கள் அவரைப் படித்துப் பேசவில்லை. இருவரும் கலந்து பேச வழியே இல்லாத இந்தச் சாட்சியங்கள் ஒன்றுபட்டால் அதற்குமேல் என்ன வேண்டும்? தொல் கெச்சுவாவுக்கு இரண்டு உரசொலிகள். அமெரிக்க ஸ்பானியத்திலேயே அந்த இரு ஒலிகளும் பின்னர் கலந்தன. அதன் பிறகு எழுதிய கைகள் எழுத்தைக் குழப்பத் தொடங்கின, ஆகவே காலத்தால் பிந்திய ஏடுகளை இந்த விஷயத்தில் நம்பக் கூடாது.

பொருள் மாற்றத்துக்கும் ஏடு உதவும். ஸுப்பாய் என்றால் இன்று பேய், சாத்தான். சாந்தோ தோமாஸ் அகராதியில் நல்ல ஸுப்பாயும் உண்டு, கெட்ட ஸுப்பாயும் உண்டு. மறையுரைகள் பிறகு அந்தச் சொல்லை ஒரு பக்கம் சாய்த்துவிட்டன.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் ஏட்டை இரண்டாம் இடத்தில் வைக்கிறேன்? ஸ்பானியக் காது கேட்காததை ஏடு எழுதவில்லை. நாமடிச் சகரத்துக்கு அவர்களிடம் எழுத்தில்லை. இரண்டு ககரங்களையும் பெரும்பாலும் ஒன்றாகவே எழுதினார்கள். இலக்கணத்தை லத்தீன் அச்சில் வார்த்தார்கள். 1560 ஏடு இருப்பதில் பழையது என்பதால் அதையே அடியாக வைத்தால் இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. அது சார்ந்திருந்த கடற்கரை வழக்கில் மெல்லினத்தை அடுத்த வல்லினம் இளகி ஒலித்தது, இன்கா அங்கே ‘இங்கா’. கோச்சபாம்பா போன்ற ஊர்ப்பெயர்களிலும், சத்திரத்தைக் குறிக்கும் ‘தாம்போ’விலும் அந்த இளகல் ஸ்பானியர் வழியாக இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குஸ்கோவிலும் நடுப் பெருவிலும் அந்த இடங்களில் பகரம் வன்மையாகவே ஒலிக்கும். இதைத் தமிழ் எழுத்தில் காட்டவே முடியாது, ‘பாம்பு’ என்று எழுதிவிட்டு நாமும் கடற்கரைக்காரர் போல இளக்கித்தான் படிக்கிறோம். அந்தக் கடற்கரை வழக்கோ அழிந்துவிட்டது, போய்க் கேட்டுச் சரிபார்க்கவும் வழியில்லை.

அய்மாராவைச் சேர்க்கலாமா

ஆசை காட்டும் வழி இதுதான். 1968இல் கரோலின் ஓரும் ராபர்ட் லாங்கேக்கரும் கெச்சுவாவையும் அய்மாராவையும் ஒரே தாயின் பிள்ளைகளாக வைத்து மீட்டுருவாக்கம் ஒன்றை வெளியிட்டார்கள். ஒற்றுமைகள் ஏராளம். இரண்டும் ஒட்டுநிலை மொழிகள், விகுதி மேல் விகுதி அடுக்குபவை, மூன்றே உயிர்கள். சொற்களிலும் பெரும் பங்கு பொது.

எண்ணிப் பார்த்தால் சந்தேகம் வரும். கெச்சுவாவில் மூன்று கிம்ஸா, அய்மாராவிலும் கிம்ஸா. ஐந்தும் ஆறும் கிட்டத்தட்ட ஒன்று. பத்து சுங்கா, அங்கே துங்கா. ஆனால் ‘ஒன்று’ என்ற எண் ஹுக், அங்கே மாயா. இரண்டு: இஸ்காய், அங்கே பாயா. நான்கு: தாவா, அங்கே புஸி. கெச்சுவாவில் வீடு வஸி, அய்மாராவில் உத்தா. ஆள் ரூனா, அங்கே ஹக்கி. உமா என்றால் கெச்சுவாவில் தலை, அய்மாராவில் தண்ணீர். பொதுச் சொற்கள் உரித்து வைத்தாற்போல் ஒத்திருக்கின்றன, மற்றவை சற்றும் ஒட்டவில்லை. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கான ஆண்டு பிரிந்திருந்தால் பொதுச் சொற்களும் தேய்ந்து முகம் மாறியிருக்கும். இப்படி இரண்டே வகையாக நிற்பது நீண்ட காலக் கொடுக்கல் வாங்கலின் தடம்.

குஸ்கோவின் உந்தொலிகளும் இங்கேதான் வருகின்றன. அவை இருப்பது குஸ்கோ, புனோ, பொலிவியா என்று அய்மாரா அண்டையில் உள்ள வழக்குகளில். அய்மாராக் குடும்பத்திலோ லிமா மாகாணத்து மலையில் தூப்பே ஊரின் ஹகாரு மொழி வரை எங்கும் அவை உண்டு. கெச்சுவா வாங்கியது, அய்மாரா கொடுத்தது என்பதே தொரேரோ, செரோன்-பலோமினோ, டச்சு மொழியியலாளர் வில்லெம் அடெலார் ஆகியோர் சாய்ந்த பக்கம். நானும் அந்தப் பக்கமே. குஸ்கோவில் உந்தொலிகளோடு கூடவே மூச்சொலிகளும், அதாவது மூச்சுக் காற்று சேர்ந்த வல்லொலிகளும், உண்டு; எக்வடோரின் சில வழக்குகளில் அவை கிடைப்பது எதிர்வாதிகளின் துருப்பு, அதனால் விவாதத்தை முழுதாக மூடிவிட முடியாது. ஆயினும் உந்தொலியைத் தாய்மொழியில் போட்டால், நடு வழக்குகள் எல்லாம் தடயமே இல்லாமல் அதைத் தொலைத்தன என்று சொல்ல வேண்டியிருக்கும். அவ்வளவு விலை கொடுக்க எனக்கு மனமில்லை.

அய்மாராவை வேறொரு வேலைக்குப் பயன்படுத்தலாம். தொல் கெச்சுவா, தொல் அய்மாரா இரண்டையும் தனித்தனியே கட்டி முடித்த பிறகு பொதுச் சொற்களைச் சலித்தெடுத்து, எது யாரிடமிருந்து போனது என்று பார்ப்பது. நிக்கோலஸ் எம்லன் 2017இல் அய்மாராப் பக்கத்தில் அப்படித்தான் செய்தார்: கெச்சுவாவிலிருந்து வந்தவற்றை நீக்கிவிட்டு, தொல் அய்மாராவுக்கும் முந்திய நிலை எப்படி இருந்திருக்கும் என்று தேடினார். வரிசை மாறினால் கடன்சொல் தாய்ச்சொல்லாக உள்ளே நுழைந்துவிடும்.

கணினி வழி பற்றிச் சுருக்கமாக. சொற்பட்டியலை ஏற்றினால் கிளைப்படம் வரும், சில முறைகளில் காலக் கணிப்பும் வரும். தொரேரோவே சொற்புள்ளியியல் காலக் கணக்கு போட்டுப் பார்த்தவர்தான். ஆனால் தண்ணீருக்குக் குஸ்கோவில் உனு, பொலிவியாவிலும் அயகுச்சோவிலும் நடுப் பெருவிலும் யாக்கு. இதை வைத்துக் குஸ்கோவை ஒதுக்கி, பொலிவியாவை நடுப் பெருவோடு சேர்க்க முடியுமா? கெச்சுவா வழக்குகள் வெகுகாலம் ஒன்றையொன்று உரசியபடி வளர்ந்த தொடர்ச்சி. வெட்டிப் பிரித்த கிளைப்படம் அதற்கு இறுக்கமான சட்டை. பால் ஹெகார்ட்டி போன்றவர்கள் கிளைக்குப் பதில் வலைப்படமாக அளந்தது அதனால்தான். தாயகம் எங்கே, பரவல் இன்காவுக்கு முந்திய வாரி அரசு காலத்ததா என்ற வகைக் கேள்விகளுக்கு இந்த வழி பயன்படும். ‘கால்’ என்பதன் முதல் ஒலி நாமடியா இல்லையா என்று எந்தக் கிளைப்படமும் சொல்லாது.

ஆக, உங்கள் கேள்வி என்ன என்பதைப் பொறுத்து என் வரிசை மாறலாம். இன்கா காலச் சமயச் சொற்களின் வரலாறு வேண்டுமென்றால் ஏடுகளில் தொடங்குங்கள். மக்கள் இடப்பெயர்வுதான் அக்கறை என்றால் கணினியையும் தொல்லியலையும் சேர்த்துப் படியுங்கள். தாய்மொழியின் ஒலிகளும் விகுதிகளும் வேண்டுமென்றால் 1976 நூல்களில் முதலில் வாங்கா, அங்காஷ், பிறகு கஹமார்க்கா, அதன் பிறகு குஸ்கோ. பார்க்கர் 1969இல் வெளியிட்ட தொல் கெச்சுவாச் சொற்பட்டியலைத் தொடக்கத்தில் திறக்காதீர்கள். சில பத்துச் சொற்களை நீங்களே கட்டிவிட்டு, பிறகு அவருடையதோடு ஒப்பிடுங்கள்.

ஒலிகள் ஓரளவு பிடிபட்டதும் கை வைக்க வேண்டிய முடிச்சு தன்மை ஒருமை. ‘என் வீடு’ என்பதற்குக் குஸ்கோவில் வஸிய், யகர விகுதி. நடுப் பெருவில் விகுதியே இல்லை, கடைசி உயிர் நீளும். வினையிலும் அப்படித்தான்: ‘பேசுகிறேன்’ குஸ்கோவில் ரிமானி, நடுப் பெருவில் ரிமா என்று நெடிலில் நிற்கும். மூன்றையும் ஒரே தொல்விகுதியிலிருந்து எடுக்க முடியுமா, நெடில் ஒரு காலத்தில் யகரத்தோடு கூடிய அசையாக இருந்து தேய்ந்ததா, -னி எங்கிருந்து வந்தது? லிமா மலைகளில் பக்கராவோஸ் என்ற ஊரின் வழக்கு எந்தக் கிளைக்கும் முழுதாக ஒட்டாமல் இந்த இடத்தில் குறுக்கே நிற்கும். அடெலார் அதைப் பதிவு செய்து 1987இல் அதன் சொல்லியலை வெளியிட்டார். அந்த நூலை முதலிலேயே தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.